கல்லாவில் மட்டும் ஒரு நாற்காலி

எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் அப்போது யாருமே நிற்க மாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு படி ஏறினால் முழங்கால் உயரத்தில் ஒரு மரமேடை. அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் வெளுத்துக் கஞ்சி போட்ட வெள்ளைத்துணி. நாங்கள் மேடை விளிம்பில் உட்காருவோம். கடையில் வேலைபார்த்த அண்ணாச்சி எங்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா கேட்ட நிறத்தை எடுக்க எழுந்து அலமாரிக்குப் போவார், ஐந்தாறு புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார், மறுபடி உட்கார்ந்துகொள்வார். முந்தியைப் பிடித்து ஓர் உதறு உதறினால் புடவை மெத்தை முழுக்க ஓடி எங்கள் மடியில் வந்து விழும். முதலாளியும் அதே மெத்தையில்தான் இருப்பார். அவருக்குக் கூடுதலாக ஒரு சாய்வுமேசை, ஒரு பேரேடு, ஒரு கல்லாப்பெட்டி. வேறு வித்தியாசம் கிடையாது.

அந்த அண்ணாச்சி உட்கார்ந்தபடி எங்களோடு பேசியதை அம்மா ஒருநாளும் மரியாதைக் குறைவாக நினைத்ததில்லை. முதலாளிக்கும் அப்படித் தோன்றியதில்லை. காப்பி வந்தால் எங்களுக்கும் அவருக்கும் சேர்த்தே வரும். சில பழைய பட்டுக்கடைகளில் இந்த மெத்தை வியாபாரத்தை இன்றும் பார்க்கலாம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் வேலைபார்ப்பவர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும் என்பது காலங்காலமாக வரும் வியாபார தர்மம் என்று பலர் நம்புகிறார்கள். என்னிடமே ஒரு கடைக்காரர் அப்படிச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அது அவ்வளவு பழைய வழக்கமில்லை. மெத்தையை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கவுன்டர் போட்டபோது வந்த வழக்கம். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு ஒரு முக்காலி போடலாம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. நாளடைவில், போடக் கூடாது என்பதே விதியாகிவிட்டது.

அந்த விதியை நான் முதலில் பார்த்தது என் பெரியம்மா மகளின் கால்களில்.

அக்கா சென்னைக்குப் போனபோது அவளுக்கு 19 வயது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தியாகராய நகர்க் கடைகளுக்கு ஆள் சேர்ப்பது ஊரறிந்த விஷயம். சாப்பாடு உண்டு, தங்க ஹாஸ்டல் உண்டு, கைக்குச் சம்பளம் மிச்சம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து முதல் லீவில் வந்தாள். தீபாவளிக்குக் கடையில் கொடுத்த புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. பெரியம்மா வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை ஊறவைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு பத்துக்கு வெளியே வருவாளாம். சாப்பிடப் போகும் அரைமணி நேரம் தவிர முழுவதும் நிற்பு. கவுன்டரில் சாயக் கூடாது. ரேக்கில் முதுகு படக் கூடாது. பக்கத்துக் கவுன்டர்ப் பெண்ணோடு பேசக் கூடாது. சாய்ந்ததைச் சூப்பர்வைசர் பார்த்தால் ஃபைன். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

“கூட்டம் இருந்தா காலு வலி தெரியாதுடி. சேலையை விரிக்க, மடிக்க, பில் போட அனுப்பன்னு பொழுது ஓடிரும். செவ்வாக்கிழமை காலையில கடையில ஈ காக்கா இருக்காது. அப்பவும் நிக்கணும். அதான் கொடுமை” என்றாள்.

பிறகு அவள் சொன்ன ஒன்றுதான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மறக்கவில்லை. அந்தத் தளத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கீழ் ரேக்கை அடுக்கும் வேலைக்குப் போட்டி போடுவார்களாம். தரையோடு ஒட்டிய கடைசித் தட்டு. அதை அடுக்க வேண்டுமென்றால் குத்தவைத்து உட்கார்ந்தாக வேண்டும். அடுக்கி வைத்ததையே யாரும் பார்க்காதபோது கலைத்துவிட்டு, மறுபடி அடுக்குவார்கள். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். “நீ நேத்து அடுக்கிட்டேல்ல, இன்னைக்கு நான்” என்று முறைவைத்துக் கொள்வார்களாம். உட்காருவதற்காக ஒரு பெண் வேலையைக் களவாக உண்டாக்க வேண்டியிருந்தது.

இந்தக் கடை வாழ்க்கையைக் காட்டி, வசந்தபாலன் இயக்கத்தில் 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் அதிர்ச்சியடைந்தார்கள். எங்கள் வீட்டில் அதைப் பார்த்து யாரும் அதிர்ச்சியடையவில்லை. அக்கா மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டாள்.

*

2021 செப்டம்பர் 6ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு சட்டத்திருத்த மசோதாவைத் தாக்கல் செய்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்க்கும் மசோதா அது. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் வேலைபார்க்கும் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். வேலை நேரம் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் நிலை கூடாது. அதன் சாரம் இவ்வளவுதான். 2019 செப்டம்பரிலேயே மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இதை ஒருமனதாக ஏற்றிருந்தது. மசோதா நிறைவேறிச் சட்டமானது. கேரளத்துக்கு அடுத்து இந்த உரிமையைச் சட்டமாக்கியது தமிழ்நாடு.

அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. உட்காருவதற்கு ஒரு சட்டம். அதுவும் நாடு விடுதலையடைந்து 74 வருடம் கழித்து.

1947ஆம் ஆண்டுச் சட்டம் மோசமான சட்டமில்லை. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை, வாரத்தில் ஒருநாள் விடுப்பு என்று கடை ஊழியர்களுக்காக அன்றே எழுதிவைத்தது. ஆனால் இருக்கையைப் பற்றிப் பேச மறந்துவிட்டது. அதற்கு அடுத்த வருடமே வந்தது மத்திய அரசின் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 44ஆம் பிரிவு, நின்று வேலைசெய்யும் கட்டாயம் உள்ள தொழிலாளர்கள் ஓய்வு கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. மில்லில் தறிமுன் நிற்கும் தொழிலாளிக்கு 1948இல் கிடைத்தது, அந்தத் தறியில் நெய்த துணியை விற்கும் பெண்ணுக்கு 2021இல்தான் கிடைத்திருக்கிறது. நடுவே 73 வருடங்கள்.

காரணம் தேடினால் ஒன்று புலப்படுகிறது. மில்லில் சங்கம் இருந்தது. கடையில் இல்லை.

*

நிற்பதில் என்ன கெடுதல், நடக்கவும் நிற்கவும் தானே கால் என்று கேட்பவர்கள் உண்டு. நடப்பது வேறு, நிற்பது வேறு. இதயத்திலிருந்து காலுக்கு இறங்கும் ரத்தம் மறுபடி மேலே ஏற வேண்டும். அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து பம்பு போல இயங்கும். அசையாமல் நிற்கும்போது அந்தப் பம்பு நின்றுவிடுகிறது. ரத்தம் கீழேயே தேங்கி, நாளம் புடைத்து, அதற்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்து போகின்றன. பச்சையாய், முறுக்கிய கயிறாய்க் காலில் தெரியும் வெரிகோஸ் வெயின் இப்படித்தான் முற்றுகிறது. குதிகால் வலி, இடுப்பு வலி எல்லாம் கூடவே வரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,300க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. பெரும்பாலும் உட்கார்ந்து வேலைசெய்பவர்களைவிடப் பெரும்பாலும் நின்று வேலைசெய்பவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அது கண்டது.

இதோடு பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் நேரம் குறிப்பார்கள். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. அக்காவுக்கு வருடத்தில் மூன்று நான்கு முறை நீர்க்கடுப்பு வரும். கடையில் அதற்குப் பெயர் ‘சூடு’. இளநீர் குடித்தால் சரியாகிவிடும் என்பார்களாம். இளநீர் குடித்தால் மறுபடி பாத்ரூம் போக வேண்டும்.

கேரளத்தில் உட்காரும் உரிமைக்கான போராட்டம் தொடங்கியதே இந்தக் கழிப்பறையிலிருந்துதான். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு பெயர்போன கடைத்தெரு. அங்கே கடைகளில் வேலைபார்த்த பெண்களுக்குப் போக ஓர் இடமில்லை. ஓட்டலுக்குள் போய் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அங்கே இருக்கும் கழிப்பறையைப் பயன்படுத்துவார்கள். அந்தச் செலவும் சம்பளத்திலிருந்துதான். தையல் வேலை பார்த்துவந்த விஜி என்ற பெண் இவர்களை ஒவ்வொருவராகப் பேசிப் பேசிச் சேர்த்தார். ‘பெண்கூட்டு’ என்று அந்த அமைப்புக்குப் பெயர். பெரிய தொழிற்சங்கங்கள் இந்தக் கோரிக்கையை முதலில் பொருட்படுத்தவில்லை. சம்பளம், போனஸ் என்றால் கோரிக்கை. மூத்திரம் போவது ஒரு கோரிக்கையா? ஆகவே அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குத் தனிச் சங்கமே கண்டார்கள்.

கழிப்பறையிலிருந்து பேச்சு நாற்காலிக்கு வந்தது. 2014 டிசம்பர் இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் முன்னால் ஆறு பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக இடமாற்றம் செய்யப்பட்டவர்கள் அவர்கள். மலையாளத்தில் அதை ‘இரிக்கல் சமரம்’ என்றார்கள். ‘இரிக்குக’ என்றால் அவர்கள் மொழியில் உட்காருவது, சமரம் போராட்டம். கடைக்குள் எந்த உரிமை மறுக்கப்பட்டதோ அதையே வாசலில் செய்து காட்டினார்கள். மூன்று மாதத்துக்கும் மேல் நீண்டது. ஆறு பெண்கள்தானே, நாலு நாளில் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தவர்களின் கணக்குத் தப்பியது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. விஜியின் பெயரை அதே வருடம் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் செய்தியை விட, அந்த ஆறு பேரும் முதல்நாள் காலையில் வீட்டைவிட்டு இறங்கும்போது வீட்டாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு அடிக்கடி மனதில் வருகிறது.

*

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த நோயில்லை. 19ஆம் நூற்றாண்டு லண்டன் கடைகளைப் பற்றிப் படித்தபோது தியாகராய நகர் ரங்கநாதன் தெருவைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது.

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1873இல் பிறந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு 14 வயதில் துணிக்கடை வேலைக்குப் போனார். அங்கே கடை ஊழியர்கள் கடைக்கு மேலேயே, முதலாளி தரும் விடுதியில் தங்க வேண்டும். சாப்பாடும் முதலாளி தருவதுதான். அதைக் கணக்கில் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பார்கள். இரவில் குறிப்பிட்ட நேரத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள். சின்னச் சின்னத் தவறுக்கெல்லாம் அபராதம். விடுதி, மெஸ், ஃபைன். பெயர்கள்கூட மாறவில்லை.

லண்டனுக்கு வந்த பிறகு ஒருநாள் அவர் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கித் தின்றார். மடித்துக் கொடுத்த செய்தித்தாளைப் படித்துப் பார்த்தால், கடை ஊழியர்கள் சங்கத்தில் சேர வேண்டும் என்று அச்சங்கச் செயலாளர் எழுதிய கடிதம். அந்தக் கசங்கிய காகிதம் அவரைச் சங்கத்துக்குக் கொண்டுபோனது. இரவில் உடன் தங்கியவர்கள் தூங்கிய பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில், ‘கிரேஸ் டேர்’ என்ற புனைபெயரில் கடை வாழ்க்கையைப் பற்றிச் சங்க இதழுக்கு எழுதினார். 1896 முதல் இரண்டு வருடம், பெண்களின் வேலைநிலையை ஆராய்ந்த ஓர் அமைப்புக்காக, ஒரு கடை மாற்றி ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து உள்ளே நடப்பதைக் குறித்துவந்தார்.

1899இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கடையில் மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று பேருக்கு ஒன்று! அதையே அன்றைக்கு அதிகம் என்றவர்கள் இருந்தார்கள். 30 வருடம் கழித்து, 1929இல், அதே மார்கரெட் பாண்ட்ஃபீல்டு பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார். கொடுத்த துறை, தொழிலாளர் துறை.

நம்மை அப்போது ஆண்டவர்கள் அவர்கள்தான். தங்கள் ஊரில் 1899இல் இயற்றிய சட்டத்தின் வாசனைகூட இங்கே எட்டவில்லை.

*

கடை முதலாளிகள் சிலரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஊழியரின் மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுப்பவர், ஆஸ்பத்திரிச் செலவை முழுசாக ஏற்றவர், அன்னதானம் செய்பவர் உண்டு. அவர்களே முக்காலி என்றதும் முகம் மாறுகிறார்கள். “உக்காந்தா சோம்பேறித்தனம் வந்துரும்மா.” “கஸ்டமர் உள்ள வரும்போது உக்காந்திருந்தா மதிக்காத மாதிரி இருக்கும்.” “இடம் இல்லம்மா, ஒரு சதுர அடி வாடகை என்ன தெரியுமா?”

மூன்றையும் யோசித்துப் பார்த்தேன். வங்கியில் உட்கார்ந்திருக்கும் காசாளரை நாம் சோம்பேறி என்பதில்லை. டாக்டர் உட்கார்ந்தபடியேதான் நாடி பார்க்கிறார். அவர் நம்மை அவமதித்துவிட்டதாக யாரும் எழுந்துபோனதில்லை. ஜெர்மனியின் ஆல்டி சூப்பர்மார்க்கெட்டுகளில் பில் போடுபவர்கள் உட்கார்ந்துதான் போடுகிறார்கள். அவர்களுடைய வேகம் அந்த நாட்டில் பேர்பெற்றது. இடப்பிரச்சினை பற்றி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் ஒரு தீர்ப்பில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு இருக்கை தர வேண்டும்; உட்கார வழியில்லாதபடி வேலையிடத்தை வேண்டுமென்றே அமைத்துவிட்டு அதையே காரணமாகக் காட்ட முடியாது; பொருத்தமான இருக்கையே கிடையாது என்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும்.

இந்தக் காரணங்கள் எல்லாம் விழுந்த பிறகும் முக்காலி வருவதில்லை. செலவு என்று பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் விலை, அந்தக் கடையில் விற்கும் சாதாரணப் புடவையின் விலைகூட இல்லை. சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் லாபம் குறையும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்னால் இன்னொரு ஆள் போட வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடையில் ஆளே இல்லாத செவ்வாய்க்கிழமைக் காலையில் ஒரு பெண் உட்காருவதால் எந்த முதலாளிக்கும் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. ஆகவே அதை மறுப்பதற்குக் காரணம் காசு கிடையாது. உட்காருபவர் யார், நிற்பவர் யார் என்பதில்தான் முதலாளி முதலாளியாகத் தெரிகிறார். கடை முழுக்கச் சுற்றிப் பாருங்கள். கல்லாவில் ஒரு நாற்காலி இருக்கும். வாடிக்கையாளருக்கு வரிசையாக இருக்கும். மற்றவர்களுக்கு இருக்காது.

நம் ஊரில் நாற்காலி வெறும் மரச்சாமானாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் யார்முன் உட்காரலாம், யார் திண்ணையில், யார் தெருவில் என்று சாதி வரைந்த கோடுகள் இன்னும் அழியவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை, அவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காக, மன்றக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாடே பார்த்தது. மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள். வழக்குப் பதிவானது. அந்த ஊராட்சிக்கும் ஜவுளிக்கடைக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும் ‘நீ எனக்குச் சமமாக உட்கார முடியாது’ என்ற அந்த எண்ணம் கடைக் கதவைத் தாண்டி உள்ளே வருவதில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. கவுன்டரில் நிற்கும் பெண்கள் எந்தக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

ஒரு நிறுவனம் நேர்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வரி கட்டுகிறதா, எடை சரியாக இருக்கிறதா, சாயம் போகாத துணியா என்று பார்க்கிறோம். நியாயம்தான். நான் இப்போதெல்லாம் வேறொன்றையும் பார்க்கிறேன். அங்கே கடைசிச் சம்பளம் வாங்கும் ஆளுக்கு உட்கார, தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா? வாசலில் ‘வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்’ என்று எழுதியிருக்கிறார்கள். தெய்வத்துக்கு மாலை தொடுப்பவருக்கு ஓர் இடம் வேண்டாமா?

அபராத விஷயமும் இதில் சேர்த்திதான். அக்காவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. அப்போது நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கும் சட்டமே இதற்கு வரம்பு கட்டியிருந்தது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஊழியரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அபராதம் ஊதியத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடித்த பணத்தைப் பதிவேட்டில் எழுதி, ஊழியர்களின் நலனுக்கே செலவிட வேண்டும். அவள் வேலைபார்த்த நாலரை வருடத்தில் இப்படி ஒரு பதிவேட்டை அவள் கண்டதில்லை. இரண்டு நிமிஷம் சாய்ந்ததற்கு ஐம்பது ரூபாய் பிடிப்பதை நான் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்ல மாட்டேன். ஓர் ஏழைப் பெண்ணின் பையிலிருந்து எடுத்த பணம் அது.

நம் பங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறோம். அது நம் உரிமை. பிரித்துக் காட்டியவரை நிமிர்ந்து பார்த்தோமா? நாம் உட்கார்ந்திருக்க, நம்மைவிட இருபது வயது மூத்தவர் நின்றுகொண்டிருப்பது நம் வீட்டில் நடக்குமா? வாசலில் யார் வந்து நின்றாலும் “வாங்க, உக்காருங்க” என்றுதான் நம் வாயில் முதலில் வரும். தபால்காரரிடம் சொல்கிறோம், கேஸ் சிலிண்டர் போடுபவரிடம் சொல்கிறோம். ஜவுளிக்கடைக்குள் போனதும் மறந்துவிடுகிறோம். கஸ்டமருக்குப் பிடிக்காது என்று முதலாளிகள் சொல்வது நம்மைத்தான். நமக்குப் பிடிக்காது என்று நாம் எப்போது சொன்னோம்?

அக்கா அந்த வேலையை விட்டுப் பல வருடமாகிறது. இரண்டு பிள்ளைகள். வீட்டில் பிளவுஸ் தைக்கிறாள். தையல் மிஷின்முன் உட்கார்ந்துதான் வேலை. ஆனால் கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், அடுக்களையில் அவள் நிற்பதைக் கவனித்தால் தெரியும். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, கொஞ்ச நேரத்தில் அடுத்த காலுக்கு மாற்றி, மறுபடி மாற்றிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் காலி நாற்காலி இருக்கும். “உக்காரேன்க்கா” என்றால், “இருக்கட்டும்டி” என்பாள்.

போன ஆடியில் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். மூன்றாவது மாடியில் லைனிங் துணிப் பிரிவு. பகல் பதினொன்றரை மணி, கூட்டம் இல்லை. கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு ஸ்டூல் இருந்தது. வட்டமான, குஷன் வைத்த ஸ்டூல். கம்பெனியிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பாலித்தீனை யாரும் கிழிக்கவில்லை. அதன்மேல் நூல்கண்டு டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். பாலித்தீன் மேல் தூசி.

“இது யாருக்கும்மா?” என்று கேட்டேன்.

“எங்களுக்குத்தான்க்கா. எல்லா கவுன்டருக்கும் போட்டிருக்காங்க. உக்காரலாம்னுதான் சொல்லியிருக்காங்க.”

“உக்காருவீங்களா?”

அவள் சிரித்தாள். இருபது, இருபத்தொன்று இருக்கும். “இதுவரைக்கும் யாரும் உக்காந்ததில்லக்கா.”

நான் எடுத்த துணிக்கு வேறு நிறம் குடோனிலிருந்து வர வேண்டும், பத்து நிமிஷமாகும் என்றார்கள். எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். நான் உட்காராமல் நின்றேன்.

“நீ உக்காந்தாத்தான் நானும் உக்காருவேன்” என்றேன்.

கூரையில் இருந்த கேமராவை ஒருமுறை பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவுன்டர்மேல் வைத்தாள். துப்பட்டா நுனியால் தூசியைத் துடைத்தாள். ஒரு கால் தரையில் ஊன்றியபடியே, ஸ்டூலின் விளிம்பில் பாதிதான் உட்கார்ந்தாள். பாலித்தீன் மொரமொரத்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துக் கவுன்டரில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் கவுன்டருக்குக் கீழே குனிந்தாள்.